ராணுவத்தில் ரேடியோ, டெலிபோன் ரிப்பேர் வேலை: உள்ளே என்னதான் செய்ய வேண்டும்?

கேள்வி: செய்யாறு ஐடிஐ

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் முடித்திருக்கிறேன். இப்போது ஆரணியில் ஒரு செல்போன் கடையில் வேலை. டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, அவ்வளவுதான். படித்ததெல்லாம் கையை விட்டுப் போகிறது. ராணுவத்தின் கருவிகளைப் பழுது பார்க்கும் இஎம்இ பிரிவில் இதே தொழில் இருக்கிறது என்கிறார்கள். அங்கேயும் போர்டைக் கழற்றி வேறு போர்டு போடுவதுதானா, இல்லை உண்மையிலேயே பழுது பார்ப்பார்களா? ஜவானாகப் போவதா, சீருடை இல்லாத சிவிலியன் ஊழியராகப் போவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள் ஐயா.

பதில்: ஓய்வுபெற்ற ஹவில்தார், காட்பாடி

தம்பி, நான் இஎம்இயில் 22 வருடம் ரேடியோ மெக்கானிக். பயிற்சி செகந்திராபாத்தில். முதலில் ஓட்டம், பரேடு, துப்பாக்கி. அப்புறம்தான் சால்டரிங் அயர்ன் கைக்கு வரும்.

நிறையப் பேர் சிக்னல்ஸையும் இஎம்இயையும் ஒன்றாக நினைக்கிறார்கள். லைன் இழுத்து, ரேடியோ செட்டை இயக்கி, தகவல் தொடர்பு கொடுப்பவர்கள் சிக்னல்ஸ்காரர்கள். அவர்களால் சரிசெய்ய முடியாத பழுது எங்களிடம் வரும். 1943 அக்டோபர் 15 அன்று தொடங்கிய பிரிவு எங்களுடையது. இன்றும் அந்தத் தேதியில் விழா உண்டு.

நீ கேட்டதற்கு வருகிறேன். போர்டு மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்பது நீ எங்கே இருக்கிறாய் என்பதைப் பொறுத்தது. யூனிட்டோடு கூடவே போகிற சின்னக் குழுவை எல்ஏடி என்போம். அங்கே ஃபியூஸ், ஹேண்ட்செட் வயர், ஆன்டெனா அடிப்பாகம் போன்ற வேலைகள். அதற்குப் பின்னால் இருக்கும் பணிமனையில் எந்தப் பகுதி கெட்டது என்று கண்டுபிடித்து மாற்றுவோம். பேஸ் ஒர்க்‌ஷாப்பில் முழுசாகப் பிரித்து, அளந்து, சரிசெய்து, புதிது போல அனுப்புவார்கள். சர்க்யூட் படிக்க ஆசை இருப்பவனுக்கு அதுதான் இடம்.

செட்டைத் திறக்கும் முன் வெளியே பார்க்கப் பழகு. உறைக்குள் அறுந்த ஹேண்ட்செட் வயர், தேய்ந்த பேசும் சுவிட்ச், பச்சை பூத்த பேட்டரி முனை, அழுக்கேறிய கனெக்டர் பின் என்று வெளியே இருக்கிற பழுதுதான் அடிக்கடி வரும். டிரான்ஸ்மிட் செய்து பார்க்கும்போது ஆன்டெனா முனையில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை) போடாமல் விட்டால் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டரை நீயே எரித்துவிடுவாய்.

லடாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே செட் மூன்றாவது தடவையாக வந்தது. கொண்டு வந்த பையன் மேலே ஒரு காவல் போஸ்ட்டிலிருந்து நடந்தே இறங்கியவன். ராத்திரியில் பேச்சு நின்றுபோகிறது என்றான். எங்கள் மேசையில் அருமையாக வேலை செய்தது. முந்தைய இரண்டு தடவையும் ஜாப் கார்டில் ‘பழுது இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தோம். அதில் ஒன்று என் கையெழுத்து.

அன்று ராத்திரி செட்டை வெளியே பனியில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ரெண்டு மணி நேரத்தில் செத்துப்போனது. உள்ளே கொண்டுவந்தால் சூட்டில் மறுபடி உயிர் வரும், ஈரமும் படியும். அதனால் அங்கேயே டார்ச் வெளிச்சத்தில் மூடியைத் திறந்து, மரக்குச்சியால் ஒவ்வொரு இடமாக மெல்லத் தட்டினேன். ஒரு சால்டர் இணைப்பில் மயிரிழை விரிசல். குளிரில் சுருங்கி விலகும், அறைச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். உருக்கி வைக்க அரை நிமிடம்தான் ஆனது. அதற்கு முந்தைய நாட்களில் அந்த போஸ்ட்டில் ராத்திரிக்குப் பேச்சே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அதற்குப் பிறகு, செட்டைக் கொண்டு வந்தவனிடம் ‘எப்போது, எங்கே, எப்படி நின்றது’ என்று கேட்காமல் நான் மேசையில் வைத்ததே இல்லை.

எலக்ட்ரிக்கல் வேலையும் உண்டு. சார்ஜ் இறங்கிய ஈய அமில பேட்டரி கடுங்குளிரில் உறைந்து பெட்டி பிளந்துவிடும், முழு சார்ஜில் இருந்தால் தாங்கும். லே ஊரே சுமார் 3,500 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் ஜெனரேட்டர் கீழே இழுத்த சுமையை அங்கே இழுக்காது.

பதில்: டெலிகாம் மெக்கானிக், பெங்களூரு

நான் பேஸ் ஒர்க்‌ஷாப்பில் சிவிலியன். அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘எம்ப்ளாய்மென்ட் நியூஸ்’ பத்திரிகையைத் தொடர்ந்து பாருங்கள். அந்தந்த ஒர்க்‌ஷாப் முகவரிக்குத் தபாலில் விண்ணப்பம் கேட்பார்கள். எங்கள் பதவிக்குச் சம்பள அடுக்கு 4, அடிப்படை 25,500 ரூபாயில் தொடங்கும். 60 வயது வரை வேலை. ஜவானாகப் போனால் இப்போது அக்னிவீர்: நான்கு வருடம், அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரம். வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எப்படிப் போனாலும் இந்தி பேசக் கற்றுக்கொள்ளுங்கள், முதல் வருடம் நான் அதில்தான் தவித்தேன்.

செய்யாறு ஐடிஐ

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. சிவிலியனுக்கே விண்ணப்பிக்கிறேன். கடையில் இருந்துகொண்டே பழக என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஹவில்தார், காட்பாடி

பழைய இரும்புக் கடையில் கெட்டுப்போன டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று வாங்கு. முள் வைத்த மல்டிமீட்டர் ஒன்று போதும். போர்டைப் பார்த்து சர்க்யூட்டை நோட்டில் கையால் வரை, பேட்டரியிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒவ்வொரு கட்டத்திலும் வோல்டேஜை எழுது. எங்கே மாட்டிக்கொள்கிறாயோ அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து இங்கேயே போடு தம்பி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்த்துச் சொல்கிறேன்.