ராத்திரி 9 மணிக்கு வைஃபையை அணைச்சா புள்ளைக கேமை விட்டுருமா?

செக்காலைக்காரன்:
கோடை லீவுக்கு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டுக்கு வர்ற புள்ளைகளைப் பத்தி வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல். நடுராத்திரி தாண்டியும் கேம், இல்லாட்டி மாயாஜால சீரிஸ். நிஜத்தைச் சந்திக்கத் தெம்பில்லாம கற்பனைக்குள்ள போய் ஒளியுறாங்க, அவ்வளவுதான் விஷயம். 9 மணிக்கு ரவுட்டரை அணைச்சிரணும். ஒரு வாரம் குதிக்கும், அப்புறம் அடங்கிரும். மாத்துக் கருத்து இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

ஆத்தங்குடிக்கல்:
அண்ணே, அணைச்சா என்ன நடக்கும்னு முதல்ல பாருங்க. பிஜிஎம்ஐ-ங்கிறது விமானத்துல இருந்து குதிச்சு, ஆளை ஆள் சுட்டுக் கடைசி வரை நிக்கிற மொபைல் கேம். அதுல ஒரு மேட்ச்சுக்கு 100 பேர். ஆடுற இடம் சுருங்கிச் சுருங்கி வர்ற கடைசி வட்டம் வரை நின்னா அரை மணி நேரம் பிடிக்கும். 8:45-க்கு இறங்கினவனை 9-க்கு அறுத்தா ரேங்க் புள்ளி போகும், ஸ்குவாடுல, அதாவது நாலு பேர் அணியில, இருக்கிற மத்த மூணு பேரும் வாரித் தூத்துவாங்க. கேம் போன கோவத்தை விட, கூட்டாளிகளை நட்டாத்துல விட்டதா பேரு வாங்குன கோவம்தான் பெருசு.

மறுநாளே மொபைல் டேட்டாவுக்குத் தாவிருவான். கேமை ஏற்கெனவே இறக்கி வச்சிருந்தா, ஆடுறதுக்கு மணிக்கு 100 எம்.பி. கூட ஆகாது. தினம் ஒன்றரை ஜி.பி. பேக்குல விடிய விடிய ஆடலாம். ரவுட்டரை அணைச்சா நிக்கிறது பெரியவங்க பாக்குற வீடியோதான்!

மணி சொல்றதுக்குப் பதிலா மேட்ச் கணக்கு சொல்லுங்க: "இன்னும் ரெண்டு, அதோட சரி." நடுவுல கூப்பிடாதீங்க. கேம்ல செத்து லாபிக்கு, அதாவது அடுத்த மேட்ச்சுக்குக் காத்திருக்கிற திரைக்கு, வந்ததும் கூப்பிடுங்க.

ஏன் போறாங்கங்கிறதுக்கு டெசி, ரயன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்களோட விளக்கம் எனக்குச் சரியாப் படுது. மனுஷனுக்கு மூணு தேவை: தானா முடிவெடுக்கணும், கைத்திறன் கூடணும், நாலு பேரோட ஒட்டுறவு வேணும். ரயனும் இன்னும் ரெண்டு பேரும் 2006-ல கேம் ஆடுறவங்ககிட்ட ஆராய்ஞ்சப்போ, ஆட்டம் பிடிச்சுப்போறதுக்குப் பின்னாடி இந்த மூணும்தான் நின்னுச்சு. லீவுக்கு வந்த பதினாலு வயசுக்காரனுக்கு இங்க எந்திரிக்கிற நேரத்துல இருந்து எந்தக் கோயிலுக்குப் போறதுங்கிற வரைக்கும் பெரியவங்க முடிவு. கேம்ல, விமானத்துல இருந்து எங்க குதிக்கிறதுங்கிறது அவன் முடிவு.

பள்ளத்தூர் ஆச்சி:
ரெண்டு பேருமே கம்பெனிக்காரனைத் தப்பவிட்டுட்டீங்க. ஓடுறாங்கன்னே ஏன் பேசணும்? கயிறு போட்டு இழுக்கிறான்.

ஜென்ஷின் இம்பாக்ட்னு ஒரு கேம், அதுல புதுப் பாத்திரம் வேணும்னா லாட்டரி மாதிரி இழுக்கணும். அந்தக் கணக்கைப் பாருங்க. ஐந்து நட்சத்திரப் பாத்திரம், அதாவது அரிதான உசத்தி ரகம், ஒரு இழுப்புல கிடைக்க வாய்ப்பு 0.6 சதவீதம். 90 இழுப்புக்குள்ள ஒண்ணு நிச்சயம்னு ஒரு விதி இருக்கு. அந்த விதி இல்லேன்னா, 90 தடவை இழுத்தும் 100 பேர்ல 58 பேருக்கு வெறுங்கைதான். கூட்டிப் பெருக்கிப் பாத்துக்கலாம். நிச்சயமா வர்றதும் நீங்க ஆசைப்பட்ட பாத்திரம்தான்னு உறுதி கிடையாது. அது தவறினா அடுத்த 90-க்குள்ள வரும். ஒரு இழுப்புக்கு 160 கல்லு (கேமுக்குள்ள அதுதான் காசு), 180-க்கு 28,800. அந்தக் கல்லைத் தினமும் கொஞ்சம் இலவசமாத் தூவுறான், அதுக்காகவே தினமும் உள்ள வரணும்.

எப்ப கிடைக்கும்னு தெரியாத பரிசுதான் கையை ஓயவிடாதுன்னு உளவியல் ஆய்வாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-லயே புறாவை வச்சுக் காட்டிட்டாங்க. சீரிஸ்ல இதே வேலையை அடுத்த பகுதி தானா ஓடுறது செய்யுது. நெட்ஃப்ளிக்ஸ்ல அதை நிறுத்த ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி செட்டிங் இருக்கு. எத்தனை வீட்டுல நிறுத்தியிருக்கு?

செக்காலைக்காரன்:
ஆச்சி சொல்றது என் பக்கத்துக்குத்தான் பலம். நம்ம பெரியவங்க காலத்துல இந்த மாய உலகமெல்லாம் ஏது? ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய்க் கணக்கு எழுதுனாங்க.

ரஸ்தா ரவுண்டானா:
ஏதா? காரைக்குடியிலயே கொட்டகை போட்டுப் படம் எடுத்த ஊருண்ணே இது! ஏ.வி.எம். 1948-ல சென்னைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டுடியோ இங்கதான் இருந்துச்சு. அதே வருஷம் அவங்க வெளியிட்ட படத்தோட பேரு 'வேதாள உலகம்'. சுதந்திரம் கிடைச்ச மறுவருஷம், ஜனம் வேதாளம் பாக்க டிக்கெட் எடுத்துச்சு. அதுக்கும் முன்னாடி போனா, பழைய கோயில் மண்டபத் தரையில செதுக்கியிருக்கிற ஆடுபுலிக் கட்டத்தைப் பாருங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு. வெயில் தாழற வரைக்கும் கணக்குப்பிள்ளையும் புலிதான்.

ஆனா ஒரு வித்தியாசம் உண்டு, அதுல ஆச்சி பக்கம் நிக்கிறேன். சினிமாவுல ரெண்டரை மணி நேரத்துல வணக்கம் போட்டுருவான், நடுவுல இடைவேளை. ஆடுபுலியில ஆடு மாட்டினாலோ புலி அடைபட்டாலோ கட்டம் காலி. இப்ப வர்ற கேமுக்கு முடிவே எழுதுறதில்ல. சீசன் முடிஞ்சா ரேங்க் கீழ இறங்கும், திரும்ப ஏறணும்.

ஆத்தங்குடிக்கல்:
ஆச்சி, இழுப்பு மட்டும்தான் காரணம்னா ஆடுற எல்லாருமே கவுந்திருக்கணுமே? நார்வே ஆய்வாளர் ஸ்டென்செங்கும் கூட இருந்தவங்களும் 2012-ல தப்பிக்கிறதையே ரெண்டாப் பிரிச்சாங்க. ஒருத்தன் நல்ல அனுபவம் தேடிப் போறான், இன்னொருத்தன் மனசை அரிக்கிறதை அமுக்கப் போறான். வெளிய இருந்து பாத்தா ரெண்டு பேரும் குனிஞ்ச தலை நிமிராம போனைத்தான் பாப்பாங்க.

பிரிச்சறிய நேரத்தை எண்ணாதீங்க. எப்ப கேமைத் திறக்கிறான்னு கவனிங்க. மார்க் வந்த அன்னைக்கும் வீட்டுல சத்தம் போட்ட அன்னைக்கும் மட்டும் கூடுதுன்னா அமுக்குறான். முடிச்சிட்டு வந்து "அந்தப் பாலத்துல எப்படி மடக்கினோம் தெரியுமா"ன்னு வாய் ஓயாம பேசினா பயப்பட ஒண்ணுமில்ல. முடிச்சிட்டு எரிஞ்சு விழுந்தா, கேமைப் பிடுங்குறதால அந்த மார்க் மாறாது.

உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11 கூட (2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது) கேம் நோயைப் பத்திச் சொல்றப்போ மணிக்கணக்கு பேசல. கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தையும் விட கேம் முன்னாடி வரணும், கெடுதல் தெரிஞ்சும் தொடரணும். பொதுவா இது 12 மாசம் நீடிச்சாத்தான் நோய்னு பேரு. ஒரு மாச லீவை வச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க.

பள்ளத்தூர் ஆச்சி:
12 மாசம் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா தம்பி? பிஜிஎம்ஐ 2023-ல திரும்ப வந்தப்போ 18 வயசுக்குக் கீழ தினம் 3 மணி நேரம்னு வரம்பு வச்சாங்க. அப்பா பேர்ல, அப்பா வயசுல கணக்கு திறந்தா அந்த வரம்பு எங்க வேலை செய்யும்? முதல்ல அதைச் சரி பண்ணுங்க. ப்ளே ஸ்டோர்ல ஒவ்வொரு கொள்முதலுக்கும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வையுங்க. யுபிஐ பின்னைப் புள்ளை முன்னாடி அடிக்காதீங்க.

ரஸ்தா ரவுண்டானா:
ரவுட்டரை அணைக்கிறதை விட இடம் மாத்துறது மேல். நம்ம வீட்டுச் செங்கல் சுண்ணாம்புச் சுவரைத் தாண்ட வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ் அலை திணறும், 2.4 அவ்வளவு திணறாது. முகப்புல வச்சா ரெண்டாங்கட்டுல பிங் எகிறும், அதாவது தட்டினது கேம்ல போய்ச் சேரத் தாமதமாகும், ஆளைக் குறிவச்சு அடிக்க முடியாது. வளவுல (நடு முற்றத்தைச் சுத்தின கட்டுல) வச்சு 5-ஐ மட்டும் விட்டுட்டு 2.4-ஐ அணைச்சிட்டா, ஆடுறவன் தானா நாலு பேர் நடமாடுற இடத்துக்கு வந்துருவான்.

ஆத்தங்குடிக்கல்:
வந்தவன்கிட்ட என்ன பேசுவீங்க? "எந்நேரமும் போனா"ன்னு போற வர்றவங்க ஆளுக்கு ஒரு தடவை கேட்டா, பழையபடி டேட்டாவைப் போட்டுக்கிட்டு மாடிக்குப் போயிருவான்.

செக்காலைக்காரன்:
மாடியில டவர் கிடைக்காது தம்பி.

ஆத்தங்குடிக்கல்:
மொட்டை மாடியில கிடைக்கும்ணே.