ஸ்பெஷல் ஃபோர்ஸ்னா உண்மையிலேயே என்ன? 26/11ல ஏன் வந்து சேர அவ்ளோ நேரம் ஆச்சு?

மணிமாறன்_திண்டுக்கல்:
என் தம்பி டிஃபென்ஸ் எக்ஸாமுக்கு படிச்சிட்டு இருக்கான், நேத்து சாப்பிடும்போது பேச்சு வந்துச்சு, பாரா எஸ்எஃப்ல (நம்ம ஆர்மியோட ஸ்பெஷல் ஃபோர்ஸ்) ஒருத்தர் சாதா சிப்பாய் பத்து பேருக்கு சமம்னு அடிச்சு சொல்றான். எனக்கு அதை கேட்டதும் மும்பை தாக்குதல் நடந்த 2008 நவம்பர் 26 ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. அப்ப காலேஜ், ஹாஸ்டல் டிவி ரூம்ல விடிய விடிய உக்காந்திருந்தோம், தாஜ் ஹோட்டல் மேல புகை வருது, கமாண்டோ கிளம்பிட்டாங்க கிளம்பிட்டாங்கன்னு சொல்லிட்டே இருக்காங்க, வந்து இறங்கறப்ப விடிஞ்சே போச்சு. அவ்ளோ திறமையான ஆளுங்க இருந்தும் ஏன் அப்படி? இந்த மாதிரி படை எப்ப, எதுக்கு ஆரம்பிச்சாங்க? சாதா பட்டாளம் செய்ய முடியாததுன்னு இவங்க என்ன செய்றாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, அவனுக்கும் காட்டணும்.

மணல்_மேடு:
நல்ல கேள்வி ப்ரோ, நான் இந்த சப்ஜெக்ட்ல ரொம்ப வருஷமா படிச்சிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். இன்னைக்கு உலகத்துல இருக்கற நிறைய ஸ்பெஷல் ஃபோர்ஸ் பிரிட்டிஷ்காரங்களோட எஸ்ஏஎஸ்ஸ (ஸ்பெஷல் ஏர் சர்வீஸ்) பார்த்துதான் உருவாச்சு. அது ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1941ல எகிப்துல ஆரம்பிச்சது. டேவிட் ஸ்டிர்லிங்னு ஒரு லெப்டினன்ட், பாராசூட் குதிச்சு முதுகுல அடிபட்டு ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போது யோசிச்ச ஐடியா. எதிரியோட விமானத்தை வானத்துல அடிக்கறதுக்கு எவ்ளோ செலவு, எவ்ளோ பைலட் சாகறாங்க, அதே விமானம் ராத்திரி பாலைவனத்துல நாலு காவலாளியோட சும்மா நிக்குது, நாலஞ்சு பேர் நடந்து போய் றெக்கைல வெடியை ஒட்டிட்டு வந்துட்டா போதுமே, இதுதான் அவரோட கணக்கு. ஆரம்பத்துல மொத்தமே அறுபது எழுபது பேர்தான்.

சூயஸ் கால்வாய் பக்கம் கப்ரித்னு ஒரு இடத்துல கேம்ப். குதிக்கப் பழகறதுக்கு ஆரம்பத்துல டவர்கூட இல்ல, ஓடற லாரி பின்னாடியிலருந்து குதிச்சு உருண்டு பழகினாங்க, நிறைய பேருக்கு கை கால் உடைஞ்சுது. 1941 அக்டோபர்ல விமானத்துல இருந்து குதிக்கும்போது பாராசூட்டை இழுத்து திறக்கற கயிறோட கொக்கி கழண்டு ரெண்டு பேர் செத்துட்டாங்க. கொக்கியை மாத்திட்டு மறுநாளே திரும்ப குதிச்சாங்க, முதல் ஆளா குதிச்சது ஸ்டிர்லிங்.

இப்ப உங்க தம்பி கவனிக்க வேண்டிய இடம். அவங்க முதல் ஆபரேஷன் 1941 நவம்பர் 16 ராத்திரி. புயல் காத்துன்னு தெரிஞ்சும் கிளம்பினாங்க. 55 பேர் போனாங்க, பாதிப் பேர்கூட திரும்பல, ஒரு விமானத்தைக்கூட தொட முடியல. காத்து அவங்களை எங்கெங்கயோ கொண்டு போய் போட்டுச்சு, தரைல இழுத்துட்டு போச்சு, வெடி வெச்ச பெட்டி எங்க விழுந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியல. ஆளுங்க அதே ஆளுங்கதான், டிரெயினிங் அதேதான், போய் சேர்ந்த விதம் தப்பாயிடுச்சு.

மிச்சம் இருந்தவங்களை லாரில ஏத்திட்டு வந்தது எல்ஆர்டிஜின்னு (லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்) இன்னொரு குரூப். ரால்ஃப் பேக்னோல்ட்னு ஒருத்தர், போருக்கு முன்னாடியே லீவு போட்டு லீவு போட்டு ஃபோர்டு கார்ல சஹாரா சுத்தினவர், அவர் 1940ல ஆரம்பிச்ச படை. மணல்ல வண்டி மாட்டினா டயருக்கு அடில செருகறதுக்கு இரும்புத் தகடு, ரேடியேட்டர்ல கொதிச்சு வர ஆவியை ஒரு டப்பால பிடிச்சு தண்ணியாக்கி திரும்ப உள்ள அனுப்பற ஏற்பாடு, டயர்ல காத்தை குறைச்சு ஓட்டறதுன்னு அத்தனையும் அவர் முன்னாடியே அனுபவத்துல கண்டுபிடிச்சு வெச்சிருந்தது. நீங்க எங்களை ஏத்திட்டு வர்ற மாதிரியே கொண்டு போயும் விடலாமேன்னு எஸ்ஏஎஸ் ஆளுங்களுக்கு தோணுச்சு. அடுத்த மாசமே நிலைமை தலைகீழ். டிசம்பர்ல லிபியால தமெத்ங்கற இடத்துல பேடி மேன் (அயர்லாந்து ரக்பி பிளேயர்) குரூப் 24 விமானத்தை அழிச்சுது, ஒரு வாரம் கழிச்சு அஜ்தாபியால ஃப்ரேசர்ங்கற ஆபிசரோட சேர்த்து வெறும் 5 பேர் 37 விமானம். எல்ஆர்டிஜிக்கு அவங்க வெச்ச பேர் லிபிய பாலைவன டாக்சி சர்வீஸ். எனக்கு எஸ்ஏஎஸ் மேல எவ்ளோ மரியாதையோ, அதைவிட ஒரு படி மேல அந்த டாக்சி டிரைவருங்க மேல.

விமானப்படை_ராஜு:
மணல்_மேடு சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் ஏர்ஃபோர்ஸ்ல 20 வருஷம் கிரவுண்ட்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், ஹெலிகாப்டர் லைன். அதனால ஒண்ணு சொல்றேன் தம்பி. 1980 ஏப்ரல் 24, ஈரான்ல பிடிச்சு வெச்சிருந்த அமெரிக்க தூதரக ஆளுங்களை மீட்க அமெரிக்க ஆர்மியோட ஸ்பெஷல் படையான டெல்டா ஃபோர்ஸ் போச்சு. டெல்டாவை உருவாக்கின பெக்வித்தே 1960கள்ல எஸ்ஏஎஸ் கூட இருந்து கத்துட்டு வந்தவர். ஆளுங்க மேல ஒரு குறை சொல்ல முடியாது. நிமிட்ஸ் கப்பல்ல இருந்து 8 ஹெலிகாப்டர் கிளம்புச்சு, பாலைவனத்துல எல்லாரும் சேர்ற இடத்துல இருந்து மேற்கொண்டு போக குறைஞ்சது 6 வேணும். வழில ஒண்ணுல றெக்கைக்குள்ள கேஸ் பிரஷர் குறைஞ்சதா லைட் எரிஞ்சுது, அது றெக்கைல விரிசல்னு அர்த்தம், ரூல் படி இறக்கிட்டாங்க. இன்னொண்ணு தூசிப் புயல்ல கண்ணு தெரியாம திரும்பிடுச்சு, இன்னும் கொஞ்ச தூரம் போனா வானம் தெளிவா இருக்குன்னு அவங்களுக்கு சொல்ல ஆள் இல்ல, ரேடியோல பேசக் கூடாதுன்னு உத்தரவு. மூணாவது வந்து சேர்ந்துச்சு ஆனா ஹைட்ராலிக் போச்சு. மிச்சம் 5. ஆபரேஷன் கேன்சல். திரும்பறப்ப ஒரு ஹெலிகாப்டர் பெட்ரோல் ஏத்திட்டு நின்ன விமானத்து மேல மோதி 8 பேர் எரிஞ்சு போனாங்க. துப்பாக்கில ஒரு குண்டுகூட சுட வேண்டிய இடத்துக்கு டெல்டா போய் சேரவே இல்ல.

ஆர்மி ஆளுங்க, நேவி ஹெலிகாப்டர், மரைன் பைலட், ஏர்ஃபோர்ஸ் டேங்கர், எல்லாரும் தனித்தனியா பழகிட்டு வந்து ராத்திரி இருட்டுல முதல் தடவை ஒண்ணா சேர்ந்தாங்க. அதுக்கப்புறம்தான் இந்த வேலைக்குன்னே தனி ஹெலிகாப்டர் படை வெச்சாங்க, 1987ல எல்லாத்தையும் ஒரே கமாண்டுக்கு கீழ கொண்டு வந்தாங்க.

உங்க 26/11 கேள்விக்கு வரேன். அனுப்ப வேண்டிய கமாண்டோ படை என்எஸ்ஜி (தேசிய பாதுகாப்புப் படை) இருந்தது டெல்லி பக்கத்துல மானேசர். அவங்களை ஏத்த வேண்டிய ஐஎல்-76 விமானம் இருந்தது சண்டிகர். அது டெல்லி வந்து, ஏத்தி, மும்பைல இறக்கி, அங்கருந்து பஸ்ல போய் சேரணும். ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பிச்ச தாக்குதல், இவங்க மும்பைல இறங்கறப்ப விடியக்காலை. அந்த பசங்க மேல ஒரு தப்பும் இல்ல, மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் தாஜ்லயும் ஹவில்தார் கஜேந்தர் சிங் நரிமன் ஹவுஸ்லயும் உயிரை விட்டாங்க. 2009ல மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தால என்எஸ்ஜி ஹப் வந்ததே இந்த தூரத்தை குறைக்கத்தான். ஒண்ணு கவனிங்க, என்எஸ்ஜி உள்துறைக்கு கீழ வர்றது, பாரா எஸ்எஃப் ஆர்மி, மார்கோஸ் நேவியோட கமாண்டோ படை. மும்பைல என்எஸ்ஜிக்கு முன்னாடியே உள்ள போனது மார்கோஸ், அவங்க அந்த ஊர்லயே இருந்தாங்க.

பர்மா_பேரன்:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்களோட 14வது ஆர்மில, மெட்ராஸ் சாப்பர்ஸ் (இன்ஜினியர் படை), பர்மா காட்டுல ரோடு போட்டு பாலம் கட்டினவர். அந்த ஆர்மியோட தளபதி ஜெனரல் ஸ்லிம்முக்கு ஸ்பெஷல் படைங்கற யோசனையே அவ்வளவா பிடிக்காது. நல்ல ஆளுங்களை எல்லாம் பொறுக்கி எடுத்து தனியா வெச்சுட்டா மிச்ச பட்டாளம் சப்பையாயிடும், அதோட இது கஷ்டமான வேலை, இது வேற யாரோ செய்ய வேண்டியதுன்னு சாதா சிப்பாய் நினைக்க ஆரம்பிச்சுடுவான்னு அவர் வாதம். எதிரி பகுதிக்குள்ள ரகசியமா போற சின்னச் சின்ன குரூப்பை மட்டும் ஒத்துக்கிட்டார். 1943ல பர்மால விங்கேட்ங்கற பிரிட்டிஷ் ஆபிசரோட சிண்டிட் படை சுமார் 3000 பேர் ஜப்பான்காரன் பகுதிக்குள்ள போனாங்க, 800 பேருக்கு மேல திரும்பல, நடக்க முடியாத காயம் பட்டவங்களை வழில கிராமத்துல விட்டுட்டு வர வேண்டியதாச்சு. அதை படிக்கும்போது எனக்கு மனசு ஆறல. மறு வருஷம் போனப்ப கிளைடர், சின்ன விமானம் எல்லாம் இருந்துச்சு, காயம் பட்டவங்களை தூக்கிட்டு வந்தாங்க. அதனால ஒருத்தன் பத்து பேருக்கு சமம்ங்கற கணக்கு எனக்கு சரியா படல, அந்த ஒருத்தனுக்குப் பின்னாடி பத்து பேர் வேலை பார்க்கறாங்கன்னு சொன்னா ஒத்துக்குவேன்.

மணல்_மேடு:
@பர்மா_பேரன் கோபமே இல்ல, ஸ்லிம் சொன்னதுல பாதி எனக்கும் சரின்னுதான் படுது. ஆனா ஒரு விஷயம், அந்த சிண்டிட்ல இருந்த மைக் கால்வர்ட்தான் 1950ல மலாயா காட்டு சண்டைக்கு எஸ்ஏஎஸ்ஸ திரும்ப ஆரம்பிச்சவர். போர் முடிஞ்சதும் 1945ல கலைச்சுட்டாங்க, அஞ்சே வருஷத்துல அதே மாதிரி ஆளுங்க தேவைப்பட்டாங்க. நம்ம ஊர் உதாரணமும் இருக்கு, 1971 போர்ல நம்ம ஆர்மியோட 10 பாரா கமாண்டோ படை ராஜஸ்தான் பாலைவனத்துல இருந்து ஜீப்ல பாகிஸ்தானோட சிந்து பகுதிக்குள்ள ராத்திரியோட ராத்திரியா போய் சாச்ரோவை அடிச்சாங்க. தலைமை ஜெய்ப்பூர் ராஜ குடும்பத்து பவானி சிங், மகாவீர் சக்ரா வாங்கினவர்.

மணிமாறன்_திண்டுக்கல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராஜு சார், 26/11 பத்தி இவ்ளோ வருஷமா மனசுல இருந்தது இன்னைக்குத்தான் தெளிவாச்சு. தம்பி பக்கத்துல உக்காந்து படிச்சான். அவன் ஒரே ஒரு கேள்வி கேக்கறான், ரோடும் இல்ல, ஜிபிஎஸ்ஸும் இல்ல, அந்த லாரிக்காரங்க எப்படி வழி கண்டுபிடிச்சாங்க?

மணல்_மேடு:
சூப்பர் கேள்வி. வண்டி முழுக்க இரும்பு, சாதா காம்பஸ் அதுக்குள்ள வெச்சா தப்பா காட்டும், சரியா பாக்கணும்னா இறங்கி தள்ளி நடந்து போய் பாக்கணும். அதுக்காக டேஷ்போர்டு மேல சூரிய காம்பஸ் வெச்சிருந்தாங்க, வட்டமான தட்டு, நடுவுல செங்குத்தா ஒரு ஊசி. ஊசியோட நிழல் தட்டுல குறிச்ச கோட்டு மேலயே விழற மாதிரி டிரைவர் வண்டியை ஓட்டிட்டே போகணும், நேரம் ஆக ஆக சூரியன் நகரும், அதுக்கேத்த மாதிரி தட்டை திருப்பிக்கணும். எவ்ளோ தூரம் வந்தோம்னு மீட்டரை பார்த்து நோட்டுல எழுதிட்டே வருவாங்க. ராத்திரி வண்டியை நிறுத்தினதும் தியோடலைட் (கோணம் அளக்கற கருவி) வெச்சு நட்சத்திரத்தை அளந்து, ரேடியோல டைம் சிக்னல் கேட்டு, நிக்கற இடம் எதுன்னு மேப்ல குறிப்பாங்க. கோடைல நடு மத்தியானம் மட்டும் சூரியன் உச்சிக்கு வந்து ஊசியோட நிழல் ரொம்ப குட்டையாயிடும், அப்ப வண்டியை நிறுத்திட்டு லாரிக்கு அடில நிழல்ல படுத்துட்டு, நிழல் திரும்ப நீள ஆரம்பிச்சதும் கிளம்புவாங்க.