படகு எஞ்சினைச் சூடேற்றுவது: எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை?

நாகை_விசைப்படகு:
அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகைக் கரையேற்றி, அதன் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை முழுவதும் பிரித்து வேலை பார்த்தோம். அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் (நன்னீரின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் கருவி) கொண்டு நன்னீர் சுற்றும் வகையைச் சேர்ந்தது. முன்பெல்லாம் ஓட்டத்தில் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும் வெப்பமானி முள், இப்போது 50-ஐத் தாண்டுவதே இல்லை. வெள்ளைப் புகையும் நெடுநேரம் நிற்காமல் வருகிறது. கேட்டபோது, தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகவிடாத வால்வு) கழற்றிவிட்டதாகவும், குளிர்ச்சியாக ஓடும் எஞ்சினுக்கு ஆயுள் அதிகம் என்றும், புறப்படும் முன் அரை மணி நேரம் ஐடிலில் (பளு இல்லாமல் குறைந்த வேகத்தில்) ஓடவிட்டால் போதும் என்றும் மெக்கானிக் கூறினார். இது சரியா?

கடல்_டீசல்:
வணக்கம் அண்ணா. இரண்டுமே சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியத்தாலும் லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) வார்ப்பிரும்பாலும் ஆனவை. அலுமினியம் கூடுதலாக விரியும் என்பதால், அவற்றுக்கிடையே விடப்படும் இடைவெளி எஞ்சின் தன் இயல்பான சூட்டில் ஓடும் நிலையைக் கணக்கிட்டே தீர்மானிக்கப்படுகிறது. சுவர் குளிர்ந்திருந்தால் அழுத்தத்தால் பிறக்கும் வெப்பத்தின் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்ள, டீசல் முழுமையாக எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியேறுகிறது. எரியாமல் எஞ்சுவது லைனரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குள் இறங்கி, ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. நீண்ட நேரம் ஐடிலில் விடுவது இதே கேட்டைத்தான் தினமும் செய்கிறது. பளு இல்லாத டீசல் எஞ்சின் எளிதில் சூடேறாது, இன்ஜெக்டர் முனையிலும் எக்ஸாஸ்ட் வால்விலும் கரி படியும்.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் ஏறுவதையும், கடல்நீர் சைலன்சர் வழியே சீராக வெளியேறுவதையும் பாருங்கள். சில நிமிடங்கள் ஐடிலில் விட்டபின் கயிற்றை அவிழ்த்து, கியர் போட்டு, குறைந்த வேகத்தில் துறைமுகத்தை விட்டு வெளியேறுங்கள். அந்த இலேசான பளுவே எஞ்சினை நன்றாகச் சூடேற்றும். முள் 70-ஐத் தாண்டும்வரை முழு வேகம் கொடுக்க வேண்டாம். கூலன்ட் (எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விக்கும் நீர்) சூடேறிய பிறகும் ஆயிலும் கியர்பாக்ஸும் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும் என்பதால், அதன் பிறகும் படிப்படியாகவே வேகத்தைக் கூட்டுவது நல்லது.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ச்சியாகவே இருக்கும் என்ற எண்ணமும் தவறு. சில எஞ்சின்களில் அது முழுதாகத் திறக்கும்போது ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் தண்ணீரின் ஒரு பகுதி ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதால், வலை இழுக்கும் கடும் பளுவில் அதே எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகலாம்.

அலைவாய்:
மேலே கூறப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கடல்நீரையே எஞ்சினுக்குள் நேரடியாகச் சுற்றவிடும் சிறிய எஞ்சின்கள் வைத்திருப்போர் 80 டிகிரியை இலக்காகக் கொள்ளக் கூடாது. ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் கடல்நீரில் கரைந்துள்ள கால்சியம் உப்புகள் பிரிந்து, நீர் வழிகளில் கட்டியாகப் படிந்து அடைக்கும். அதனால்தான் அவை வேண்டுமென்றே குளிராக ஓடுமாறு அமைக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, யான்மார் நிறுவனத்தின் ஜிஎம் எஞ்சின் வரிசையில் கடல்நீர் வகையின் தெர்மோஸ்டாட் 42 டிகிரியில் திறக்கத் தொடங்கி 52-இல் முழுதாகத் திறக்கும். அதே வரிசையின் நன்னீர் வகையில் இது 71-உம் 85-உம் ஆகும். எஞ்சினின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது.

நாகை_விசைப்படகு:
இருவருக்கும் மிக்க நன்றி. புதிய தெர்மோஸ்டாட் வாங்கினால், அது நல்லதா என்று பொருத்தும் முன்பே சோதிக்க முடியுமா?

கடல்_டீசல்:
முடியும் அண்ணா. அதன் மீது பொறித்திருக்கும் வெப்பநிலை உங்கள் கையேட்டுடன் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பின்பு ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாதவாறு கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். பொறித்த எண்ணுக்கு அருகே திறக்கத் தொடங்கி, பத்துப் பதினைந்து டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்து, ஆறியதும் இறுக மூட வேண்டும். பொருத்தும்போது கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, கூலன்ட் நிரப்புகையில் காற்றை முழுவதுமாக வெளியேற்றிவிடுங்கள். காற்றுக் குமிழி தங்கினால் வெப்பமானி காட்டும் எண்ணை நம்ப முடியாது. இத்தனை நாள் குளிராக ஓடியிருப்பதால், ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.