முதற் குடும்பப் படகை வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வினா: வெள்ளவத்தை வாசி

வணக்கம். நானும் மனைவியும், பதினொரு வயது மகளும், ஆறு வயது மகனும், எங்களோடு இருக்கும் மாமியாருமாக நாங்கள் ஐந்து பேர். போயா விடுமுறைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொல்கொட ஏரியைச் சுற்றிவர ஒரு சிறு படகு வேண்டும் என்பது எங்கள் பல வருட ஆசை. இப்போது மொறட்டுவைப் பக்கத்தில், 18 அடி நீளமான கண்ணாடியிழைப் படகொன்று பின்புறம் வெளியே மாட்டும் 60 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போட் எஞ்சினோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். "ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாருங்கள், எஞ்சினைச் சூடாக்கித் தயாராக வைத்திருக்கிறேன், அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்க்கலாம்" என்றார்.

நான் கார் வாங்கியிருக்கிறேன், படகு வாங்கியதில்லை. கார் என்றால் காலி வீதியில் ஒரு சுற்றுப் போய் வந்தாலே பிரேக்கின் குணமும் கியரின் குணமும் ஓரளவு பிடிபட்டுவிடும். தண்ணீரிலோ எது இயல்பு, எது பழுது என்றே எனக்குத் தெரியாது. அந்த அரை மணித்தியாலத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும், வீட்டாரையும் அழைத்துச் செல்லலாமா, ஏரியில் ஓட்டிப் பார்த்தது பின்னொரு நாள் கடலுக்குப் போகவும் போதுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பொல்கொடைக் கரையோன்

எஞ்சினைச் சூடாக்கி வைப்பதாகச் சொன்னாரே, அதை முதலில் அன்போடு மறுத்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை விநாடியில் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகைக்கிறது, ஓரிரு நிமிடத்துக்குள் சீரான ஓட்டத்துக்கு வருகிறதா என்பவற்றில்தான் அதன் உடல்நிலை தெரியும். சூடான எஞ்சின் எல்லோருக்கும் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். போனவுடன் மூடியைக் கழற்றி உலோகத்தில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை, வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

எஞ்சின் பிடித்ததும் பின்புறம் பாருங்கள். குளிரூட்டும் நீர் மெல்லிய தாரையாக, ஆனால் விட்டுவிடாமல் பீய்ச்சிக்கொண்டிருக்க வேண்டும். பொல்கொடையில் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் நீர் உறிஞ்சும் துவாரங்களை அடைத்துவிடுவது வழமை. ஆகையால் இடையில் தாரை மெலிந்தால் உடனே நிறுத்தி, எஞ்சினை உயர்த்தி, களையை அகற்றுங்கள். அகற்றிய பிறகும் தாரை வலுக்கவில்லையானால் உள்ளே நீரைத் தள்ளும் இறப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கக்கூடும். அது மாற்றக்கூடிய பொருள்தான். ஆனால் தேய்ந்த சக்கரத்தோடு எவ்வளவு காலம் ஓட்டினார்கள் என்ற கேள்வி அதன் பின்னால் வரும்.

அடுத்தது பாரம். அவரும் நீங்களும் மட்டும் ஏறினால் எந்தப் படகும் துள்ளிக்கொண்டு ஓடும். நீங்கள் வாங்குவதோ ஐந்து பேர் ஏறும் படகு. வீட்டில் 19 லீற்றர் குடிநீர்ப் போத்தல்கள் இருக்குமே, அவற்றில் ஏழு போத்தல்களை நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். 130 கிலோவுக்கு மேல் வரும், உங்கள் இருவருக்கும் மேலாக மனைவி மக்களின் நிறைக்கு அது ஈடாகும். பிள்ளைகள் உட்காரக்கூடிய இடங்களிலேயே அவற்றை வைத்து, உருளாதபடி கட்டிவிடுங்கள். படகு தாங்கக்கூடிய ஆட்களையும் எடையையும் குறிக்கும் தகடு இருந்தால் அதையும் வாசித்துக்கொள்ளுங்கள். முதற்தடவை குடும்பத்தை ஏற்றாதீர்கள். குணம் தெரியாத படகில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேகமாகத் திருப்பிப் பார்க்க உங்களுக்கு மனம் வராது.

பாரத்தோடு வேகத்தைக் கூட்டும்போது அணியம், அதாவது படகின் மூக்கு, எவ்வளவு உயர்கிறது, எத்தனை விநாடி முன்னால் எதுவுமே தெரியாமல் போகிறது, எப்போது படகு தண்ணீரை உழுவதை விட்டு அதன்மேல் சறுக்கி ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த மறைப்பு நீளமானால், சிறு மீன்பிடி ஓடங்கள் குறுக்கே வரும் ஏரியில் அது ஆபத்து. பிறகு மிதமான வேகத்தில் இடப்புறமும் வலப்புறமும் வட்டமடியுங்கள். திருப்பத்தில் விசிறி (படகைத் தள்ளும் புரொப்பெல்லர்) தண்ணீரைப் பிடிக்காமல் எஞ்சின் திடீரென்று கூச்சலிட்டால், ஒன்றில் எஞ்சின் உயரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது விசிறி பொருத்தமில்லாதது. அந்த வட்டத்தால் எழுந்த உங்கள் சொந்த அலைகளையே நேராகவும் சாய்வாகவும் வெட்டிக்கொண்டு போங்கள். ஏரியில் கிடைக்கக்கூடிய அலை அது ஒன்றுதான். நேரோட்டத்தில் மூக்கு தானாகவே ஏறி இறங்கித் துள்ளிக்கொண்டிருந்தால், எஞ்சினின் சாய்வை உள்ளே இழுத்துப் பாருங்கள். அதிலும் அடங்கவில்லையென்றால் பாரம் பிழையான இடத்தில் இருக்கிறது, அல்லது அடிப்பாகம் வளைந்துவிட்டது.

ஆனால் வேகமாக ஓடும் நேரத்தைக் குறைத்து, மெதுவாக ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள். என் முதற்படகை வாங்கிய நாளில் இருபது நிமிடம் முழுவேகத்தில் ஓடிக் குதூகலித்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். அடுத்த வாரம் இறங்குதுறைக்குத் திரும்பும்போது பின்கியர் விழ மறுத்தது. நான் பலகைத் துறையில் மோதி, ஒரு கம்பத்தையும் சாய்த்துவிட்டேன். இன்றும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும் அயலவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முன்கியர், நடுநிலை, பின்கியர் என்று பத்துத் தடவையாவது மாற்றிப் பாருங்கள். இறங்குதுறைக்கு மூன்று முறை நீங்களே கொண்டுவந்து அணையுங்கள். ஓடும் வேகத்திலிருந்து சற்று விரைவாகக் குறைத்துப் பாருங்கள், பின்னால் துரத்திவரும் அலை பின்பலகையை (எஞ்சின் பூட்டியிருக்கும் பின்சுவரை) தாண்டி உள்ளே வருகிறதா என்று தெரியும்.

பதில்: நீர்கொழும்பு எஞ்சின் பட்டறை

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் தொழிலில் காண்பவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

படகு நகருமுன் கியர்ப்பெட்டியின் கீழ் ஆணியைச் சற்றே தளர்த்திச் சில துளி எண்ணெய் எடுங்கள். இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் தண்ணீர் அடியில் தங்கிவிடும். ஆகவே இதை ஓட்டியபின் அல்ல, ஓட்டுமுன் செய்ய வேண்டும். பால்போன்ற நிறம் தெரிந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். பின்பு எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே பின்பலகையின் மூலைகளைப் பாருங்கள். பலகை நெளிந்தாலோ வெடிப்பு வாய் திறந்தாலோ, கண்ணாடியிழையின் நடுவில் இருக்கும் ஒட்டுப்பலகை அழுகியிருக்கும். எஞ்சினை மாற்றலாம், பின்பலகையைப் புதிதாகக் கட்டுவது படகையே பாதி கட்டுவதாகும். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டு போனால், நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும். காது பழக நேரம் எடுக்காது.

ஒரு தந்திரத்தையும் சொல்லிவைக்கிறேன். சிலர் ஓட்டிக் காட்டும் நாளில் சிறிய கையடக்கத் தாங்கியொன்றில் புதுப் பெற்றோலை ஊற்றி, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் கொடுப்பார்கள். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும், அதன்பின் கியூஆர் குறியீட்டுப் பங்கீடு இருந்த காலத்திலும், பல பொழுதுபோக்குப் படகுகள் அசையாமல் கிடந்தன; அவற்றின் சொந்தத் தாங்கிக்குள் கெட்ட பெற்றோலும் தண்ணீரும் இருக்கக்கூடும். படகின் சொந்தத் தாங்கியிலிருந்தே ஓட்டச் சொல்லுங்கள்.

முழுவிசையில், முழுப்பாரத்தோடு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பாளர் 5,000 முதல் 6,000 வரை என்று சொல்வார். சரியான எண் கைநூலில் இருக்கும். அதற்குக் கீழே நின்றால் எஞ்சின் திணறுகிறது, விசிறியின் முறுக்கு (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், அங்குலத்தில் சொல்வார்கள்) அதிகம், அல்லது படகு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. மேலே போனால் விசிறியின் நடுவில் உள்ள இறப்பர் வழுக்குகிறது, அல்லது முறுக்கு போதாது. வேகத்தைப் படகின் மீற்றரில் பார்க்காமல், கைத்தொலைபேசியில் போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் பார்த்துச் சராசரி எடுங்கள்.

ஓடி முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள். குளிரில் பிடிக்கும் எஞ்சின் சூட்டில் பிடிக்காமல் முரண்டு பண்ணுவதும் உண்டு. முடிந்தால் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பியுங்கள். ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வேறுபட்டால் விலையைப் பற்றி மறுபடியும் பேச வேண்டும். அரிப்பைத் தடுக்கப் பூட்டும் உலோகக் கட்டியையும் பாருங்கள். பாணந்துறை முகத்துவாரத்தால் உப்பு ஏறும் நீர் என்பதால் அலுமினியக் கட்டி பொருத்தமானது. வண்ணம் பூசி மறைத்த கட்டி எந்த வேலையும் செய்யாது.

பதில்: தெஹிவளைத் தாய்

அண்ணன்மார் இருவரும் எஞ்சினைப் பற்றிச் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. குடும்பத்தை அழைத்து வரவேண்டாம் என்பதில் பாதிதான் உடன்பாடு. முதல் ஓட்டத்துக்கு வேண்டாம், சரி. ஆனால் முற்பணம் கொடுக்குமுன் இரண்டாவது ஓட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதில் எல்லோரும் ஏற வேண்டும். எங்கள் வீட்டில் படகைத் தெரிவுசெய்தவர் என் கணவர். வாங்கிய பின்புதான், இறங்குதுறையிலிருந்து படகுக்குக் கால் வைக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை என்று என் அம்மா கண்டுபிடித்தார். அவர் அதன்பின் ஒரு தடவையும் வரவில்லை.

உங்கள் மாமியார் எங்கே காலை வைப்பார், எதைப் பிடிப்பார் என்பதை நேரில் பாருங்கள். தண்ணீரிலிருந்து ஏறும் ஏணி நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு படியாவது போக வேண்டும். நீங்களே குதித்து, உயிர்காப்பு அங்கியோடு ஏறிப் பாருங்கள், எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகு. அங்கியைப் பிள்ளையின் எடைக்கு ஏற்ப வாங்க வேண்டும், கால்களுக்கிடையே வார் இருக்க வேண்டும். "வளரும் பிள்ளைதானே" என்று பெரிதாக வாங்கினால், தண்ணீரில் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே போகும். நன்றாக நீந்தத் தெரியாதவர்களுக்கு 50 நியூட்டன் மிதப்பு போதாது, 100 நியூட்டன் வேண்டும்.

கொழும்பு வெயிலில் கூரையில்லாத படகில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், ஆகவே கூரையை விரித்தபடியே ஓட்டிப் பாருங்கள். காற்றில் அது படகை எவ்வளவு தள்ளுகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். பக்கத் திரைகளையும் போட்டால் எஞ்சின் புகை பின்னாலிருந்து உள்ளே சுழன்று வரும் படகுகள் இருக்கின்றன. கடைசி இருக்கையில் நீங்களே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கையில் மாட்டும் நிறுத்து வாரை இழுத்தால் எஞ்சின் அந்தக் கணமே நிற்கிறதா என்பதைப் பரீட்சிக்காமல் படகை விட்டு இறங்காதீர்கள்.

பதில்: பொல்கொடைக் கரையோன்

தங்கை சொல்வது சரி, இரண்டாவது ஓட்டம் வேண்டும். கடலைப் பற்றிய கேள்வியை மறந்துவிட்டேன். ஏரியில் ஓட்டியது கடலுக்குப் போதாது. மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது நம் கரையில் பொழுதுபோக்குக்கு இறங்கவே கூடாது. டிசெம்பருக்குப் பின் ஒரு காலை வேளையில், வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கடல் தெரிந்த ஒருவரோடு கடலில் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். பாணந்துறை முகத்துவாரத்து மணல்திட்டை முதல் நாளே கடக்க முயல வேண்டாம். ஏரியிலும் ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வரும், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: வெள்ளவத்தை வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. ஞாயிறு போய் வந்தேன். எஞ்சின் குளிர்ந்தே இருந்தது, நான்கு விநாடியில் பிடித்தது, நீர்த்தாரையும் நன்றாக இருந்தது. கியர் எண்ணெய் தெளிவு. பின்பலகை அசையவில்லை. ஆனால் பட்டறைக்காரர் சொன்னபடியே சிவப்பு நிறச் சிறு தாங்கியொன்று பின்னிருக்கையின் கீழ் இருந்தது! சொந்தத் தாங்கிக்கு மாற்றச் சொன்னேன். எட்டு நிமிடத்தில் எஞ்சின் இருமத் தொடங்கி நின்றுவிட்டது. படகு இரண்டு வருடத்துக்கு மேலாக அதிகம் ஓடவில்லை என்று அவர் அப்போது ஒப்புக்கொண்டார். ஏமாற்ற நினைத்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை, வெட்கப்பட்டவர் போலவே இருந்தார்.

சிறு தாங்கியோடு இருவராக ஓடியபோது 5,200 சுற்று, ஏழு போத்தல்களோடு 4,800. திடீரென்று வேகத்தைக் குறைத்தபோது ஒரு வாளியளவு தண்ணீர் பின்னால் உள்ளே வந்தது. இறங்குதுறையில் மூன்று தடவை அணைத்தேன். மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது, அது என் குறை. முற்பணம் எதுவும் கொடுக்கவில்லை.

பதில்: நீர்கொழும்பு எஞ்சின் பட்டறை

நல்லது செய்தீர்கள். தாங்கியை வெறுமையாக்கிக் கழுவி, பெற்றோல் வடியையும் குழாய்களையும் மாற்றுவது அவர் செலவாக இருக்கட்டும். முறுக்கு இரண்டு அங்குலம் குறைந்த விசிறியொன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை கூடும், அப்போது பாரத்தோடு 5,100 ஐத் தாண்ட வேண்டும். பின்னால் தண்ணீர் ஏறியதுதான் எனக்கு உறுத்துகிறது. படகை ட்ரெய்லரில் ஏற்றி ஒரு லொறித் தராசில் நிறுத்து, ட்ரெய்லரின் நிறையைக் கழித்து, தயாரிப்பாளர் சொல்லும் வெற்றுநிறையோடும் எஞ்சினின் நிறையோடும் ஒப்பிடுங்கள். நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தளத்தின் கீழுள்ள நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. அப்படியானால் அடுத்த படகைத் தேடுங்கள்.