பட்டா அப்பா பெயரில்: பிஎம் கிசான் தவணை இனி யாருக்கு வரும்?

கேள்வி (மன்னார்குடி பக்கத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பெயரில் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நன்செய் உள்ளது. சென்ற ஐப்பசியில் அவர் காலமாகிவிட்டார். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் நிதித் திட்டத்தில் நான்கு மாதத்திற்கு ஒரு முறை வரும் 2,000 ரூபாய், அவர் இறந்த பிறகும் ஒரு தவணை ஏறியிருப்பதை வங்கிப் புத்தகத்தில் வரவு பதிந்தபோதுதான் பார்த்தோம். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் பெற்றவர்களுக்கு இந்த நிதி கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படியானால் அம்மாவுக்கோ எனக்கோ இனி வராதா? வந்த தவணையை என்ன செய்வது?

பதில் 1 (ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர்)

தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் இரங்கல். ஊரில் சொல்வது பாதிதான் சரி. அந்தக் கெடு நிலம் வாங்கியவர்களுக்குப் பொருந்தும். உரிமையாளர் இறந்து வாரிசுகளுக்கு இறங்கிய நிலத்திற்கு விலக்கு உண்டு. எனவே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்று, முதலில் பட்டாவை மாற்றுங்கள். திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்பது கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டுமே என்பதால், தாயாரும் தாங்களும் தனித்தனிக் குடும்பங்கள். இருவர் பெயரும் பட்டாவில் ஏறினால் இருவருமே விண்ணப்பிக்கலாம். வருமான வரி கட்டுபவர்களுக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கும் கிடையாது. அது நியாயமான விதி என்றே கருதுகிறேன்.

ஏறிவிட்ட தவணையைத் தொடாதீர்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இறப்பை எழுத்து மூலம் தெரிவித்து, பணத்தைத் திருப்பிச் செலுத்திவிடுங்கள். 2020-இல் நம் மாநிலத்தில் தகுதியற்ற பல லட்சம் பேர் பெயரில் 100 கோடி ரூபாய்க்கு மேல் போனது வெளிப்பட்டதிலிருந்து சரிபார்ப்பு மிகவும் கடுமையாகிவிட்டது.

பதில் 2 (செஞ்சி வட்டம்)

அம்மாவுக்காக விண்ணப்பிக்கும்போது ஒன்றை முன்கூட்டியே பாருங்கள், சகோதரரே. பணம் நாம் எழுதிக் கொடுக்கும் கணக்கிற்கு வராமல், ஆதாரோடு இணைந்திருக்கும் கணக்கிற்கே போகலாம். என் மாமியாருக்கு மூன்று தவணை வரவில்லை என்று அலைந்தோம்; கடைசியில் அத்தனையும் அவருடைய பழைய நூறு நாள் வேலைக் கணக்கில் கிடந்தது. அதற்கு முன்பு இகேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) செய்யப் போனபோது, நாற்பது ஆண்டுகள் நடவும் களையுமாகத் தேய்ந்த அவர் விரல்களில் ஒன்றைக்கூடக் கருவி படிக்கவில்லை. எண்ணெய் தடவி, துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, தன்மேல் ஏதோ குற்றம் இருப்பதுபோல் தலைகுனிந்து நின்றார். 2023 முதல் திட்டத்தின் செயலியிலேயே முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை அங்கே ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

பதில் 3 (குத்தகை விவசாயி, நாகப்பட்டினம் மாவட்டம்)

பட்டா உள்ளவர்களுக்கு இதுவாவது வழி. நான் சாகுபடி செய்வது கோயில் நிலம். நிறுவனம் என்பதால் கோயிலுக்கு இந்த நிதி இல்லை. என் பெயர் பட்டாவில் இல்லாததால் எனக்கும் இல்லை. விதை விட்டு, தண்ணீர் கட்டி, அறுத்துக் கரையேற்றுவது நான்தான் என்பதற்கு அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பயிர் பதிவு இருக்கிறது. அதையும் தகுதியாக ஏற்க வேண்டும் என்று குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அந்த 2,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். வாரிசுச் சான்றுக்குத் திங்கட்கிழமை விண்ணப்பிக்கிறேன். நாகை ஐயா, எங்கள் நிலத்தை ஒட்டியுள்ள கோயில் நிலத்திலும் உங்களைப் போல் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. அந்த மனுவின் நகலை இங்கே பகிர முடியுமா?