அண்டர்டேலில் தமிழ் எழுத்து உடைகிறது, கொம்பு இடம் மாறி நிற்கிறது: உதவி வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கம். அண்டர்டேல் என்ற கணினி விளையாட்டை விளையாடியவர்கள், அதிலும் அதன் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

என் அக்கா மகள் இங்கே தமிழ் மீடியத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தமிழும் மலையாளமும் சரளமாக வாசிப்பாள், ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான். நான் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வசனத்துக்கும் "என்ன சொல்லுது சித்தி?" என்று கேட்பாள். வேறு விளையாட்டாக இருந்தால் வசனத்தைத் தாண்டிவிட்டுச் சண்டை போட்டே முன்னேறலாம். இதில் பேச்சுதான் எல்லாம். எதிரே வரும் மான்ஸ்டரை அடிக்காமல், பேசிப் பார்த்து, அதன் மனசைப் புரிந்துகொண்டு, கருணை காட்டி, கடைசிவரை ஒருவரையும் கொல்லாமல் முடிக்க முடியும். யாரைக் கொன்றோம், யாரை விட்டோம் என்பதை அது மறப்பதில்லை. பழைய சேவ் பாயின்டுக்குத் திரும்பிப் போனாலும் சிலருக்கு நாம் செய்தது தெரிந்திருக்கும். வசனம் புரியாதவருக்கு இந்த விளையாட்டின் பாதிகூடக் கிடைக்காது. அதனால் முதல் பகுதியையாவது, அந்த இடிபாடுகள் முடியும் வரைக்கும், அவளுக்காகத் தமிழில் கொண்டுவர ஆசைப்படுகிறேன்.

ஸ்டீமில் வாங்கிய பிரதி, விண்டோஸ் 10. விளையாட்டின் கோப்புகளை மாற்ற உதவும் அண்டர்டேல் மோட் டூலில் டேட்டா.வின் (data.win) என்ற கோப்பைத் திறந்து, வசனத்துக்கான ஃபான்ட்டில் லதா ஃபான்ட்டின் தமிழ் எழுத்துகளைச் சேர்த்தேன். எழுத்து வருகிறது. ஆனால் "கேள்" என்று எழுதினால் முதலில் க, அதற்கு வலப்பக்கம் இரட்டைக் கொம்பு, அப்புறம் ள, அப்புறம் தனியாக ஒரு புள்ளி. "கொடு" என்றால் கொம்புக்கும் துணைக்காலுக்கும் நடுவில் ஒரு வெற்று வட்டம் நிற்கிறது. "கு", "மு" எல்லாம் எழுத்தும் சுழியும் பிரிந்து கிடக்கின்றன. இதே வரிகள் நோட்பேடில் சரியாகத் தெரிகின்றன.

இன்னொன்று. இடிபாடுகளில் நம்மைப் பார்த்துக்கொள்ளும் டோரியல் பேசும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மெல்லிய சத்தம் வருமே, அது தமிழில் தடுமாறுகிறது. "கேள்" இரண்டே எழுத்து, சத்தம் நான்கு. அந்தக் குரலின் தாளம் போய்விட்டால் டோரியல் டோரியலாக இல்லை. இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மறையூரிலிருந்து:

லதாவை விட்டுவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுப் பாருங்கள் அக்கா. புதிய ஃபான்ட், சரியாக வரலாம்.

பாறசாலையிலிருந்து:

தம்பி சொல்வதுபோல் ஃபான்ட்டை மாற்றுவதால் இது தீராது. கோளாறு ஃபான்ட்டில் இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

யூனிகோடில் "கே" என்பது க, இரட்டைக் கொம்பு என்று இரண்டு குறியீடுகள். சேமிக்கும்போது க முன்னால், கொம்பு பின்னால். திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பதற்குத் தனியாக ஒரு மென்பொருள் வேலை செய்கிறது. விண்டோஸில் யூனிஸ்கிரைப், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளில் ஹார்ஃப்பஸ். உங்கள் நோட்பேடில் சரியாக வருவது அதனால்தான். அண்டர்டேலைச் செய்யப் பயன்பட்ட கேம்மேக்கர் என்ற மென்பொருளின் எழுத்து வரையும் முறையில் அந்த வேலைக்காரன் கிடையாது. ஒரு குறியீட்டுக்கு ஒரு படம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதோடு இந்த விளையாட்டு வசனத்தை மொத்தமாக வரைவதுமில்லை. ஒவ்வொரு குறியீடாக எடுத்து, வரைந்து, சத்தம் எழுப்பி, அடுத்ததற்குப் போகிறது. எனவே அந்த மென்பொருளை உள்ளே கொண்டுவந்தாலும் கவும் கொம்பும் அதன் கையில் ஒன்றாகப் போய்ச் சேராது.

இந்த வசனப் பொறியை நான் குறையாகச் சொல்லவில்லை. இதை உருவாக்கிய டோபி ஃபாக்ஸ் விக்கிப்பீடியாவில் அரே (நிரலில் தரவுகளை வரிசையாக அடுக்கி வைக்கும் முறை) என்பதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, இதை வைத்து வசனம் காட்டும் ஒரு முறையை எழுதலாமே என்று தோன்றி ஆரம்பித்ததுதான் இந்த விளையாட்டு. 2015-இல் வெளிவந்ததற்கு வேர் அங்கேதான். கதாபாத்திரங்கள் தயங்குவது, திடீரென்று நிறுத்துவது, ஒரு சொல்லில் நிறம் மாறுவது எல்லாம் அந்தப் பொறி செய்கிற வேலை. அதை மாற்றாமல், அதற்குப் புரிகிற வடிவத்தில் தமிழைக் கொடுப்பதே நல்ல வழி என்று நினைக்கிறேன்.

அதற்கு ஓர் எழுத்துக்கு ஒரே குறியீடு வேண்டும். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, டேஸ் 16 ஏற்கெனவே இருக்கிறது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட குறியீட்டு முறை. யூனிகோடில் தனிப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய பகுதியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். 247 எழுத்து, ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகள் 65, ஸ்ரீ ஒன்று, ஆக 313. மெய்யின் எண்ணோடு உயிரின் வரிசை எண்ணைக் கூட்டினால் உயிர்மெய்யின் எண் வந்துவிடும் என்பதால் மாற்றித் தரும் ஸ்கிரிப்டும் (சிறு நிரல்) சின்னதாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது: வசனத்தை வழக்கம்போல் யூனிகோடில் எழுதுங்கள். விளையாட்டில் ஏற்றும் முன் ஸ்கிரிப்ட் அதை டேஸ் 16-ஆக மாற்றட்டும். ஃபான்ட்டில் அந்த 313 எழுத்துகளின் படங்களையும் அதே எண்களில் வையுங்கள். கொம்பும் காலும் படத்துக்குள்ளேயே இருக்கும். "கேள்" இரண்டு குறியீடு ஆகிவிடும், டோரியலின் சத்தமும் இரண்டாகிவிடும்.

ஸ்கிரிப்டில் கவனிக்க வேண்டியது உண்டு. "கொ"வின் ஒகரக் குறி சில விசைப்பலகைகளில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வரும். முதலில் அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். நீளமான சேர்க்கையை முதலில் தேடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "க்ஷ" வரும் இடத்தில் "க்" என்று பாதியிலேயே எடுத்துக்கொள்ளும். ஔகாரத்தை ஒ, ள என்று தட்டச்சு செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மிக முக்கியம், வசனத்துக்கு நடுவில் வரும் & என்பது அடுத்த வரி, ^ குறியும் எண்ணும் சேர்ந்தால் இடைநிறுத்தம், / மற்றும் % முடிவுக்கு, பின்சாய்கோடும் அதையடுத்த ஆங்கில எழுத்தும் நிறத்துக்கும் முகபாவத்துக்கும். இவற்றில் எதையும் தொலைக்காதீர்கள், முடிவுக் குறி தொலைந்தால் பெட்டி மூடாமல் விளையாட்டு அங்கேயே நின்றுவிடலாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணா, மிக்க நன்றி. கொம்பு சரியான இடத்தில் நிற்கிறது! அவளிடம் முதல் பெட்டியைக் காட்டினேன், தானே வாய்விட்டு வாசித்தாள்.

இரண்டு விஷயம் பாக்கி. சில எழுத்துகள் வரவே இல்லை, அந்த இடம் காலியாக இருக்கிறது. "நா", "நி" வருகிறது, "ந" வரவில்லை. படத்தைச் சோதித்தேன், எண்ணையும் சோதித்தேன், இரண்டும் சரி. அடுத்தது, "ணை", "ஞௌ" போன்றவை பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்காருகின்றன. "ர" வந்தால் எதிர்மாறாகப் பெரிய இடைவெளி.

நகரியிலிருந்து:

முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். விடுபட்ட எழுத்தைப் பிற்பாடு சேர்த்திருப்பீர்கள், அது பட்டியலின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். ஃபான்ட்டில் இருக்கும் எழுத்துகள் எண் வரிசைப்படி, சிறியதிலிருந்து பெரியதாக இருந்தால்தான் கேம்மேக்கர் அவற்றைக் கண்டுபிடிக்கும். வரிசை தவறிய எழுத்தை அது இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். மோட் டூலில் ஃபான்ட் பக்கத்திலேயே வரிசைப்படுத்தும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். ஃபான்ட்டின் தொடக்க எண், முடிவு எண் என்ற இரண்டு இடங்களையும் பாருங்கள், புதிய எழுத்துகள் அந்த எல்லைக்குள் வர வேண்டும்.

எனக்கு இது தெலுங்கில் செய்து பார்த்த பழக்கத்தில் தெரியும். இங்கே என் நண்பர்களில் பாதிப் பேர் தெலுங்கில் படித்தவர்கள், அவர்களுக்காக ஆரம்பித்தேன். தெலுங்கில் கூட்டெழுத்துகள் வத்தாகக் கீழே தொங்கும், மேலே தலைக்கட்டு மாறும், சேர்க்கைகளை எல்லாம் எண்ணினால் ஆயிரக்கணக்கில் போகும். வசனத்தில் வரும் சேர்க்கைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் படம் போட வேண்டியிருக்கிறது. தமிழில் 313-ஓடு முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

பாறசாலையிலிருந்து:

நகரித் தம்பி சொன்னது ரொம்பச் சரி. மலையாளத்தில் கொம்புத் தொல்லை அப்படியே தமிழைப் போல. ஆனால் 1971-இல் வந்த புதிய லிபியில் உகரக் குறிகளைத் தனியாகப் பிரித்து எழுதுவதால் அந்தப் பகுதி எளிது. பழைய லிபிதான் வேண்டும் என்றால் வேலை பெருகும்.

இடைவெளி விஷயத்துக்கு வருகிறேன். வசனப் பொறி ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் ஒரே அளவு நகர்கிறது, எழுத்து அகலமா ஒல்லியா என்று பார்ப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அது பொருந்துகிறது. சான்ஸ், பாப்பிரஸ் என்ற இரண்டு கதாபாத்திரங்கள் பேசும் இடங்களில் மட்டும் சில அகல எழுத்துகளுக்குக் கூட்டியும் ஒல்லி எழுத்துகளுக்குக் குறைத்தும் கையால் சரிக்கட்டியிருக்கிறார்கள், கோடில் தேடினால் கிடைக்கும். நீங்கள் அந்த நிலையான அளவை எடுத்துவிட்டு, வரைந்த எழுத்தின் அகலத்தை ஸ்ட்ரிங் விட்த் என்ற ஃபங்ஷன் வழியாகக் கேட்டு அதைக் கூட்டுங்கள். ஃபான்ட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஷிஃப்ட் மதிப்பை (அடுத்த எழுத்துக்கு நகர வேண்டிய தூரம்) சரியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

லதாவிலிருந்து எடுத்த படங்களை வைத்து முடித்துவிடாதீர்கள் மக்கா. திரை 640-க்கு 480. அச்சுக்கு வரைந்த ஃபான்ட்டை அந்த அளவுக்குச் சுருக்கினால் ஓரம் கசங்கி, விளையாட்டின் மற்ற படங்களோடு ஒட்டாது. பிக்சல் பிக்சலாக நாமே வரைய வேண்டும். 313 என்று பயப்பட வேண்டாம். கொம்புகள், கால், புள்ளி ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்துக்கும் ஒட்டிக்கொள்ளலாம். உழைப்பு இகர ஈகாரத்திலும் உகர ஊகாரத்திலும்தான். அதிலும் கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒரு விதம். கிரந்த எழுத்துகளுக்கு உகரம் தனிக் குறியாக ஒட்டுவதால் அங்கே தப்பித்தோம்.

குப்பத்திலிருந்து:

இந்த இழையைப் படிக்கப் படிக்க அவ்வளவு மகிழ்ச்சி. நான் ஒன்று கேட்கலாமா? சான்ஸ், பாப்பிரஸ் இரண்டு பேரையும் என்ன செய்யப் போகிறீர்கள்? ஆங்கிலத்தில் சான்ஸ் காமிக் சான்ஸ் எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தாக, சோம்பலாகப் பேசுவான். பாப்பிரஸ் அதே பெயருள்ள எழுத்துருவில், எல்லாம் பெரிய எழுத்தாக முழங்குவான். அண்ணன் தம்பி இருவரின் குணமும் எழுத்தைப் பார்த்த உடனேயே தெரிந்துவிடும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது.

என் யோசனை, பாப்பிரஸுக்கு 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துகளைக் கொடுக்கலாம். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, மொத்தம் 13. தும்பிக்கை வைத்த அந்த லை, னை எல்லாம் அவன் வாயில் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! ஓர் எழுத்துக்கு ஒரு படம் என்றாகிவிட்டதால் இதற்குத் தனியாக எந்தக் கோடும் எழுத வேண்டாம், அவனுடைய ஃபான்ட்டில் 13 படங்களை மாற்றினால் போதும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எழுத்து விடுபடுவது சரியாகிவிட்டது, அகலமும் சரியாகிவிட்டது. இருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

குப்பம் ஐயா, யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் இதை வாசிக்கப் போகிறவள் பழைய எழுத்தைப் பார்த்ததே இல்லை. பாப்பிரஸ் பேசும் இடமெல்லாம் அவள் திணறக் கூடாது. அவனுக்குத் தடித்த, கோணங்கள் கூடிய எழுத்தும், சான்ஸுக்கு மெல்லிய கையெழுத்து போன்றதும் வைக்கிறேன். பழைய லை, ணை இரண்டை மட்டும் அவனுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அவை அடிக்கடி வருகிறவை, சுற்றியிருக்கும் எழுத்துகளை வைத்தே புரிந்துகொள்வாள்.

வசனப் பெட்டியில் மூன்று வரிதான் இடம் என்பதால் மொழிபெயர்ப்பைச் சுருக்கச் சுருக்க நல்ல பேச்சுத்தமிழாக வருகிறது. டோரியல் எங்கள் ஊர்ப் பாட்டிகளின் சாயலில் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். இது பிடிக்காதவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மாற்றுகிறேன்.

மறையூரிலிருந்து:

மாற்றாதீர்கள் அக்கா! இங்கே எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டும். கோப்பை எப்படி வாங்கிக்கொள்வது?

நகரியிலிருந்து:

டேட்டா.வின் கோப்பை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள், அதற்குள் விளையாட்டு முழுவதும் இருக்கிறது. எக்ஸ்டெல்டா என்ற கருவி மூலம் பழைய கோப்புக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரு பேட்ச்சாக எடுங்கள். விளையாட்டை வாங்கியவர்கள் தங்கள் பிரதியில் அதைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பேருடைய பதிப்பும் ஒன்றாக இருந்தால்தான் பேட்ச் ஒட்டும், எனவே எந்தப் பதிப்புக்குச் செய்தது என்று எழுதிவிடுங்கள். தம்பி, நீங்களும் முதலில் அசல் கோப்பைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறிப் போனால் ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி அசலை மீட்டுத் தரும். சேவ் கோப்புகள் லோக்கல் ஆப் டேட்டா ஃபோல்டரில் தனியாக இருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சரி, அப்படியே செய்கிறேன். இப்போதைக்கு க முதல் ண வரை உகர ஊகார எழுத்துகளைப் பிக்சலில் வரைந்து முடித்தாயிற்று. எழுத்து ஒவ்வொன்றும் 16 பிக்சல் உயரம். மீதியை வரைய யாராவது கைகொடுத்தால் நன்றாக இருக்கும்.

குப்பத்திலிருந்து:

த முதல் ன வரை என்னிடம் விடுங்கள். நீங்கள் வரைந்த "கு", "டு" இரண்டின் படத்தையும் இங்கே போடுங்கள். கோட்டின் தடிமனையும் சுழியின் வளைவையும் பார்த்து அதே போல வரைகிறேன்.