ஓடையில கிடைச்ச கல்லுச் சிப்பி: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கூழாங்கல்:
மூணு வருஷம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல, அதான் எழுதுறேன். ஓடையில தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சு, கால்ல வரிவரியா ஏதோ தட்டுப்பட, எடுத்தா ரெண்டு ஓடும் மூடின மேனிக்கே ஒரு சிப்பி. கூட வந்தவர் வாங்கிப் பார்த்துட்டு "சாதா சிப்பிதான், உள்ள மண்ணு அடைச்சிருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். ஆனா கனம் கைக்குத் தெரியுதே. வீட்டுக்கு வந்து கல்லா மாறின பழைய சிப்பிதானான்னு பார்க்க வினிகர்ல போட்டேன், நுரை வந்துச்சு, அப்படியே ராத்திரி முழுக்க விட்டுட்டேன். காலையில எடுத்துத் தடவுறேன், விரல்ல ஒரு வரி கூட உறுத்தல. எல்லாம் கரைஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. மூக்கு மாதிரி வளைஞ்ச நுனியில ஒரு சின்ன வட்ட ஓட்டை இருந்துச்சு, அது மட்டும் மிச்சம். வேட்டை நத்தை துளைச்சதுன்னு ஒருத்தர் சொன்னார். அப்படியா இருக்கும்?

ஈரமண்:
நத்தை துளைச்ச சிப்பி என்கிட்ட ஒண்ணு இருக்கு, அதனால சொல்றேன், உங்களுது அது இல்லன்னு நினைக்கிறேன். லென்ஸ்ல பார்த்தப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு, ஓட்டை வெளிப்பக்கம் அகலமா, உள்ள போகப் போக குறுகி புனல் மாதிரி அவ்ளோ நேர்த்தி. அந்த நத்தை சிப்பியோட ஓடு இளகுற மாதிரி ஒரு அமிலத்தை விட்டு, நாக்குல இருக்கிற பல்லால சுரண்டிச் சுரண்டிப் போட்ட ஓட்டை. அது பாதியில நின்ன தடம் கூட பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு. உங்களுது சரியா மூக்கு நுனியில, நடுவுல இருக்குன்னா அது பிராக்கியோபாட், அதாவது சிப்பி மாதிரியே ரெண்டு ஓடு இருந்தாலும் வேற இனமான ஒரு கடல் உயிரி. காம்பை வெளிய நீட்டி பாறையப் பிடிச்சுக்கிற துளை அது. ரெண்டு ஓடும் ஒரே சைஸா பாருங்க, இல்லன்னா பிராக்கியோபாட்தான்.

ஒத்தையடி:
ஈரமண் நண்பரே, அந்தக் கடைசி வரிய மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அதை நம்பித்தான் நான் ரெண்டு வருஷம் தப்பான பேர் எழுதி டப்பாவுல வச்சிருந்தேன். ஒரு ஓடு கொக்கி மாதிரி சுருண்டு தடியா, இன்னொண்ணு மூடி மாதிரி தட்டையா. சைஸ் வேற, அப்போ பிராக்கியோபாட்னு முடிவு பண்ணிட்டேன். விஷயம் தெரிஞ்ச ஒருத்தங்க கையில வாங்கி, நகத்தால ஓரத்தைக் காட்டி, "ஏடு ஏடா இருக்கு பாருங்க, இது கிரிஃபியா, மட்டி இனம்"னாங்க. அந்த நகம் இன்னும் கண்ணுல நிக்குது. சைஸை விடுங்க. ஒரு ஓடு மட்டும் எடுத்து மூக்குல இருந்து கீழ நடுக்கோடு போட்டு, இடமும் வலமும் கண்ணாடியில பார்த்த மாதிரி இருந்தா பிராக்கியோபாட் பக்கம் யோசிக்கலாம். சாதா இருவோட்டுச் சிப்பில ஒரு ஓட்டுக்குள்ள அந்தச் சமம் இருக்காது, இடது ஓடும் வலது ஓடும்தான் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி. விசிறிச் சிப்பி மாதிரி சிலது இதுலயும் ஏமாத்தும்.

மழைக்கோடு:
என்னுது சிப்பியே இல்ல, சிப்பிக்குள்ள இறுகின மண்ணு! மேல் ஓடு காணோம், உள்வடிவம் மட்டும் கல்லா நிக்குது. ஓடு ஆகுற கால்சியம் கார்பனேட்ல ஆரகனைட், கால்சைட்னு ரெண்டு வகை, ஆரகனைட்டால ஆன ஓடு சீக்கிரம் கரைஞ்சிடும், கால்சைட் தாங்கும், அதனாலதான் இப்படின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. தசை ஒட்டியிருந்த தழும்பு அதுல அச்சா விழுந்திருக்கு, அதுமேல கட்டைவிரலை வச்சா கச்சிதமா உக்காரும்.

மேட்டுக்கல்:
எனக்குக் கிடைச்சது ஒரு உடைஞ்ச துண்டுதான், அதை விடுங்க. எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். தயவுசெஞ்சு வினிகர்ல போடாதீங்க. ஓடும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புப் பாறையும் அதேதான், நேத்து செத்த சிப்பியும் அதேதான், நுரை வந்தா பழசுன்னு அர்த்தமே இல்ல. தண்ணியும் மெத்துன்னு ஒரு பிரஷ்ஷும் போதும். போட்டோ எடுக்கும்போது பக்கத்துல ஸ்கேல் வைங்க, வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து விழணும், அப்பதான் வரி தெரியும், மேல கீழ முன்ன பின்னன்னு எல்லாப் பக்கமும் எடுங்க, மூக்கும் கீலும் தெரியாத போட்டோவ வச்சு யாராலயும் பேர் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம் இடம். ஓடையில கிடக்குறது உருண்டு வந்தது, அதோட பாறை மேல எங்கயோ இருக்கு. தண்ணிக்கு எதிரா நடந்து போங்க, துண்டு எங்க கிடைக்குறது நிக்குதோ அங்க கரையப் பாருங்க. நிலவியலாளர் வில்லியம் ஸ்மித் 1815ல இங்கிலாந்துக்குப் பாறையடுக்கு வரைபடம் போட்டாரே, அவருக்குக் கைகொடுத்ததே எந்த அடுக்குல எந்த ஃபாசில்ங்கிற குறிப்புதான். இடம் தெரியாத சிப்பி பாதி ஊமை. எடுக்க அனுமதி இருக்கிற இடமான்னும் முதல்ல கேட்டுக்கோங்க.

கூழாங்கல்:
மேட்டுக்கல், வினிகர் விஷயம் மூணு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம். ஒத்தையடி சொன்ன மாதிரி இப்பதான் எடுத்து நூல் பிடிச்சுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் சமம். ஓட்டையும் சரியா அந்த நூல் மேலதான் விழுது, புனல் மாதிரியும் இல்ல, ஆனா வினிகர்ல அதோட ஓரமும் தேஞ்சிருக்கும் இல்லையா. ரெண்டு ஓடும் மூடியே இருந்துச்சே, அதுக்கும் இப்பதான் அர்த்தம் புரியுது, சாதா சிப்பி செத்தா கீல்ல இருக்கிற தசைநார் ரெண்டு ஓடும் திறந்துக்கிற மாதிரி பண்ணிடும், பிராக்கியோபாட்டுக்கு அது கிடையாதாமே. பிராக்கியோபாட்னு எழுதி வச்சுட்டேன். அதுக்கு மேல பேர் சொல்ல வரி வேணும், அது போச்சு. மேல நடந்து போய் இன்னொண்ணு தேடணும், ஆனா எந்த வளைவுல எடுத்தேன்னு எவ்ளோ யோசிச்சும் வரல.